மூங்கைப் பிள்ளையின் கண்ணீரும் அழகியற் கல்வியும்



இறையனார் களவியலுக்கு அமைந்த உரை ஒரு கதையோடு தொடங்குகிறது. பாண்டிநாட்டில் பன்னீராண்டு வற்கடம். பசி தாங்காத மக்களைக் காக்க இயலாத அரசன், புலவர்களை வேறு நாடுகளுக்குப் போக்கிவிடுகிறான். பின்னர் மழை பெய்கிறது, நாடு நாடாகிறது. போனவரைத் தேடி அரசன் ஆள் விடுகிறான். எழுத்து வல்லார் கிடைக்கின்றனர். சொல் வல்லார் கிடைக்கின்றனர். யாப்பு வல்லாரும் கிடைக்கின்றனர். பொருளதிகாரம் வல்லார் மட்டும் ஒருவரும் அகப்படவில்லை. எழுத்தையும் சொல்லையும் ஆராய்வது பொருளின் பொருட்டே. அது இல்லையேல் ஏனையவற்றைப் பெற்றும் பெற்றவர் ஆகோம் என்று அரசன் கவல்கிறான்.

அவன் கவலை தீர இறைவனே அறுபது சூத்திரம் செய்தளிக்கிறான். அதற்குச் சங்கப் புலவர் பலரும் உரை காண்கின்றனர். இனி வேறொரு சிக்கல்: எவ்வுரை மெய்யுரை? தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்படுபவன் உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன். ஐந்து வயதுச் சிறுவன்; அதற்கும் மேலாக, அவன் ஒரு மூங்கை, வாய்பேசாப் பிள்ளை. புலவர்கள் ஒருவர்பின் ஒருவராக உரை வாசிக்கின்றனர். பிள்ளை அசையாதிருக்கிறான். மருதன் இளநாகனார் வாசிக்கும்போது சிற்சில இடங்களில் அவனுக்குக் கண்ணீர் வருகிறது, மயிர் சிலிர்க்கிறது. நக்கீரர் வாசிக்கும்போது சொல்தோறும் கண்ணீர் வார மெய்சிலிர்த்து இருக்கிறான். அவ்வுரையே மெய்யுரை என அவை கொள்கிறது.

வரலாற்றாசிரியர் இதனைக் கதையென்று ஒதுக்கலாம், ஒதுக்குவதும் முறையே. ஆயினும் கலையை மதிப்பிடுவது எங்ஙனம் என்னும் வினாவைத் தமிழ் மரபு எவ்வளவு கூர்மையாகக் கண்டிருந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. தீர்ப்பு, சொல்லுக்கு முன்பே உடம்பில் நிகழ்ந்துவிடுகிறது. அதுவும் ஆம், இல்லை என்னும் அளவில் நின்றுவிடவில்லை. ஓரிடத்துக் கண்ணீர், எவ்விடத்தும் கண்ணீர் என்று தரம் பிரித்துக் காட்டுகிறது. ஆனால், ஏன் இவ்விடத்தில் கண்ணீர், ஏன் அவ்விடத்தில் இல்லை என்று கேட்டால் பிள்ளை விடை சொல்லான். அவனாற் சொல்ல இயலாது. அழகியல் என்று இன்று கல்லூரிகளில் வழங்கும் பாடம், அப்பிள்ளை வாய் திறக்க முடியாத அந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும். பெரும்பாலான வகுப்பறைகளில் அது தொடங்குவது வேறிடத்தில்: பிறர் சொல்லிவைத்த விடைகளில்.

இத்துறைக்கு மேலைநாட்டில் பெயர் வாய்த்த வரலாறே இதனை உணர்த்தும். 1735ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் அலெக்சாந்தர் பாம்கார்ட்டன் என்னும் இளைஞர் கவிதையைப் பற்றி ஓர் ஆய்வேடு அளித்தார். அப்போது அவருக்கு வயது 21. அவ்வேட்டின் இறுதிப் பகுதியில்தான், புலனுணர்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இத்துறைக்குரிய பெயரை அவர் படைத்தார். பின்னர் ஓடர் ஆற்றங்கரைப் பிராங்பர்ட்டில் அதனைப் பாடமாக நடத்தினார். 1750இல் அப்பெயரிலேயே நூலின் முதற்பகுதியை வெளியிட்டார். இரண்டு செய்திகள் இங்குக் கருதத்தக்கன. ஒன்று, இத்துறை அழகைப் பற்றிய துறையாக அன்றி, புலன்வழி அறிதலைப் பற்றிய துறையாகவே பிறந்தது. மற்றொன்று, அது பிறந்தது ஒரு மாணாக்கர் கவிதையைப் படித்த இடத்தில். முனைவர் பட்ட ஏடுகளைக் கண்டு அஞ்சுவோர்க்கும் நகைப்போர்க்கும் இச்செய்தி சற்று ஆறுதல் அளிக்கும்.

தமிழில் இதனை அழகியல் என்கிறோம். முருகியல் என்பாரும் உளர். ஆனால் பாம்கார்ட்டன் கருதியதற்கு நெருங்கிய சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. உள்ளத்து நிகழ்வது உடம்பின்கண் புலப்படுதல் மெய்ப்பாடு. மெய் என்பது உடம்பையும் உண்மையையும் ஒருங்கே குறிக்கும் என்பதை வைத்துக்கொண்டு பெருந்தத்துவம் ஒன்றை எழுப்ப ஆசை தோன்றும்; அதனை அடக்கிக்கொள்வது நன்று. மூங்கைப் பிள்ளையின் கண்ணீரும் மயிர்ச்சிலிர்ப்பும் மெய்ப்பாடுகள் என்பது மட்டும் போதும்.

உணர்ச்சிக்கும் காரணத்துக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றி ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ‘டான் குவிக்சாட்’ புதினத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்தாள்கிறார். பீப்பாய் ஒன்றிலிருந்த மதுவைச் சுவைத்துக் கருத்துச் சொல்லுமாறு இருவரைக் கேட்கின்றனர். நல்ல மதுதான், ஆனால் தோல்வாடை சிறிது வீசுகிறது என்கிறார் ஒருவர். நல்லதுதான், ஆனால் இரும்புச் சுவை தட்டுகிறது என்கிறார் மற்றவர். கூடியிருந்தோர் இருவரையும் எள்ளி நகைக்கின்றனர். பீப்பாய் காலியானபோது அடியில் ஒரு பழைய சாவி கிடக்கிறது. அதில் ஒரு தோல்வாரும் கட்டப்பட்டிருக்கிறது. ஹியூம் இதனை நுண்சுவையுணர்வுக்கு எடுத்துக்காட்டாகக் கூறினார். கல்லூரி ஆசிரியர் இதிலிருந்து பெறத்தக்க செய்தி வேறு. நாக்கு முந்தியது, சாவி பிந்தியது. சாவியை முதலிலேயே எடுத்துக் காட்டிவிட்டு, இனிச் சுவைத்துப் பாருங்கள் என்றால், இரும்புச் சுவையைச் சொல்லாதவர் எவரும் இரார். அவருள் உணர்ந்தவர் யார், கேட்டதைத் திருப்பிச் சொன்னவர் யார் என்று அறிய வழியில்லை.

காண்ட் 1790இல் எழுதிய நூல் இவ்வினாவை இன்னும் இறுக்குகிறது. ஒரு மது தனக்கு இனிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவரோடு வழக்கில்லை. அது அவர் நாவைப் பற்றிய செய்தி. ஒரு கவிதை அழகியது என்று சொன்னாலோ, கேட்பவரும் அதனை ஒப்பவேண்டும் என்னும் கோரிக்கை அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆயினும் அதனை ஒரு விதியைக் காட்டி நிறுவ முடியாது. விதியும் இல்லை, விட்டுவிடவும் இயலாது என்னும் இந்த இக்கட்டுதான் அழகியல் வகுப்பின் உயிர். கவியரங்குகளில் கைதட்டலுக்கும் மௌனத்துக்கும் இடையே நின்று பழகிய கவிஞர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஹெகல் போன்ற பெருங்கட்டமைப்பாளர்கூடக் கலைப்பொருள்களைக் காணாமல் கோட்பாடு பேசவில்லை. பெர்லினில் 1820 முதல் 1829 வரையிலான காலத்தில் நான்கு முறை அவர் கலைத் தத்துவத்தைப் பாடமாக நடத்தினார். இடையே நெதர்லாந்து சென்று ஓவியங்களைப் பார்த்தார். 1824இல் வியன்னாவில் இத்தாலிய இசைநாடகங்களில் மூழ்கினார். 1827இல் பாரிஸ் சென்றார். ஒரு முறை சொன்னபடியே மறுமுறை அவர் சொல்லவில்லை. 1831இல் அவர் மறைந்தபின், அவருடைய குறிப்புகளையும் மாணாக்கர் எழுதிவைத்த ஏடுகளையும் கொண்டு ஹோத்தோ என்னும் மாணவர் 1835 முதல் 1838 வரை நூலாக்கினார். ஹெகலின் கலைத் தத்துவம் என்று உலகம் படித்து வந்ததில் மாணாக்கர் செவிக்கும் பங்குண்டு. களவியல் உரையும் நக்கீரர் முதலாகப் பத்துத் தலைமுறை ஆசிரிய மாணாக்கர் வழியாக வாய்மொழியாய் வந்து, முசிறி நீலகண்டனாரால் வழங்கப்பட்டது என்று அவ்வுரையே கூறுவதை இங்கு நினைவுகூரலாம்.

இனி இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான வகுப்பறைக்கு வருவோம். கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1920களில் ஒரு சோதனை செய்தார். அச்சிட்ட கவிதைத் தாள்களை மாணாக்கரிடம் கொடுத்தார். ஆசிரியர் பெயர் இல்லை, காலக்குறிப்பு இல்லை. ஒரு வாரம் தவணை. எத்தனை முறை படித்தனர் என்பதையும் குறித்து, தோன்றியதை எழுதித் தரவேண்டும். எழுதுவோரும் பெயர் குறிக்க வேண்டியதில்லை. இவ்வாறு கிடைத்த விடைகளை ஆராய்ந்து 13 கவிதைகளுக்குரிய கருத்துரைகளோடு 1929இல் நூலாக வெளியிட்டார். எழுதியவருட் பெரும்பாலோர் ஆங்கில இலக்கியத்தையே சிறப்புப் பாடமாகப் பயின்றவர்கள்.

முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. டன், ஹாப்கின்ஸ் போன்றோரின் கவிதைகளைப் பலர் பொருட்படுத்தவில்லை; லாங்ஃபெல்லோவின் கவிதை கடுமையாகப் பழிக்கப்பட்டது; இன்று பெயரும் நினைவில் இல்லாத சிலரின் பாடல்கள் பாராட்டைப் பெற்றன. பெயர் என்னும் ஊன்றுகோலை எடுத்தவுடன் நடை தள்ளாடிற்று. இச்செய்தியைச் சொல்லி மாணாக்கரை நகையாடுவது எளிது. பலரும் அதனோடு நின்றுவிடுகின்றனர். ரிச்சர்ட்ஸ் நிற்கவில்லை. ஏன் தவறினர் என்று ஒவ்வொரு தாளையும் நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோற் பார்த்தார். கவிதையின் நேர்ப்பொருளையே சிலர் உணரவில்லை. சிலர்க்கு ஓசை கேட்கவில்லை. கவிதையோடு தொடர்பில்லாத சொந்த நினைவு சிலரை இழுத்துச் சென்றது. அன்னை, தாயகம், மரணம் என்று கேட்ட அளவிலேயே ஆயத்தமாயிருந்த உணர்ச்சியைச் சிலர் கவிழ்த்துக் கொட்டினர். கொள்கை ஒத்துப்போகாததால் கவிதையை வெறுத்தோரும், ஒத்துப்போனதால் புகழ்ந்தோரும் இருந்தனர். கவிதை என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்னும் முன்முடிவு, படிக்கும் முன்னரே தீர்ப்பெழுதிவிட்டது.

இவ்விடத்தில் மூங்கைப் பிள்ளையின் கதையைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கண்ணீரெல்லாம் மெய்க்கண்ணீர் அன்று. தமிழ்ப் பட்டிமன்ற மேடைகளிலும் திரையரங்குகளிலும் வடிக்கப்படும் கண்ணீரில் ஒரு பகுதி, கவிதை இல்லாவிடினும் வடிந்திருக்கும். கதையிலுள்ள பிள்ளை சாபத்தாற் பிறந்த குமரவேளே என்று உரை கூறுகிறது. தெய்வத்தின் கண்ணீர் தவறாது. மாணாக்கரின் கண்ணீரோ ஆராயப்பட வேண்டும். எனவே உணர்ச்சியே போதும், கோட்பாடு கவிதையைக் கொல்லும் என்று சில கவிஞர்கள் கூறுவதை அப்படியே ஒப்புவதற்கில்லை. உணர்ச்சியைச் சோதிக்கக் கற்பதற்குத்தான் வகுப்பு தேவைப்படுகிறது. ரிச்சர்ட்ஸிடம் பயின்ற வில்லியம் எம்ப்சன், கணிதத்திலிருந்து இலக்கியத்துக்கு மாறியவர், கவிதைச் சொல்லின் பல்பொருட் செறிவை ஆராய்ந்து 1930இல் வெளியிட்ட நூல் இன்றும் பயிலப்படுகிறது. அப்போது அவருக்கு வயது 24.

தமிழ் வகுப்பில் இது எவ்வாறு நிகழும்? புறநானூற்றின் 243ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். எண்ணும் பெயரும் திணையும் துறையும் நீக்கி, பாடலை மட்டும் மாணாக்கரிடம் கொடுப்பதாகக் கருதுக. மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டுகின்றனர். குளிர்ந்த நீரில் ஆடும் மகளிரோடு கைகோத்து, அவர் தழுவத் தழுவி, அசைய அசைகின்றனர். ஒளிவுமறைவு அறியாத தோழர் கூட்டம். துறையருகே நீரைத் தொடுமாறு தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர் மருள, நீர்த்துளி சிதற, ஆழ்ந்த மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வருகின்றனர். அந்த இளமை இரங்கத்தக்கது, அது இப்போது எங்கே இருக்கிறதோ என்று கேட்பவர், பூண் பிடித்த கோலை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு இடையிடையே சில சொற்களே பேச வல்ல முதியவர்.

இதில் அமைந்த மெய்ப்பாடு யாது? தேர்வுத்தாளுக்குப் பழகிய மாணவர் அழுகை என்பார். மற்றொருவர் மூப்பு என்னும் சொல்லை நினைவிற் கொண்டு இளிவரல் என்பார். சிறுவர் விளையாட்டைக் கண்டவர் உவகை என்பார். விளையாட்டு உவகைக்குரிய நிலைக்களங்களுள் ஒன்றுதானே. கரையிலுள்ளோர் மருள்வதைக் கவனித்தவர் மருட்கை என்பார். நால்வரும் நான்கு மதிப்பெண் பெறலாம். ஆனால் ஒருவரும் பாடலைத் தொட்டவர் ஆகார். இனி ஆசிரியர் கேட்கவேண்டிய வினா வேறு: எவ்விடத்தில், எச்சொல்லில் உள்ளம் அசைந்தது?

அவ்வாறு கேட்டால் இலக்கணம் உயிர் பெறுகிறது. பூச்சூட்டி, கைபிணைந்து, தழுவி, அசைந்து, ஏறி, பாய்ந்து, குளித்து என வினையெச்சங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து ஓடுகின்றன. எங்கும் முற்று இல்லை, மூச்சுவிட இடமில்லை. அவ்வோட்டம் முழுவதும் ஒரு பெயரெச்சத்தில் வந்து இளமை என்னும் பெயர்மீது மோதி நிற்கிறது. அதன்பின் கோலும் நடுக்கமும் இருமலும். நீருள் மூச்சடக்கிய சிறுவனின் நீண்ட மூச்சே அந்த எச்சத் தொடர். சில சொல்லுக்குமேல் பேச இயலாத முதியவரின் மூச்சு பாடலின் இறுதி. இளமைக்கும் முதுமைக்கும் உள்ள வேறுபாட்டைப் புலவர் சொன்னதோடு அமையாமல், படிப்பவர் மார்பிலேயே நிகழச் செய்துவிட்டார். வாய்விட்டுப் படித்துப் பார்க்காத மாணவர்க்கு இது ஒருபோதும் தெரியாது. எழுத்தும் சொல்லும் பொருளின் பொருட்டே என்று பாண்டியன் கவன்றதன் விளக்கமும் இதுவேயாகும்.

இதற்குப் பிறகு நீக்கிய குறிப்புகளைக் கொடுக்கலாம். ஆசிரியர் பெயர் தொடித்தலை விழுத்தண்டினார். இயற்பெயர் மறைய, பாடலில் வரும் அந்த ஊன்றுகோலே அவர் பெயராயிற்று. திணை பொதுவியல். துறை கையறுநிலை. இங்குத்தான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். கையறுநிலை இறந்தாரைக் குறித்து இரங்குவது அன்றோ? இப்பாடலில் இறந்தவர் யார்? பாரிக்கும் அதியமானுக்கும் உரிய துறையை, மடுவில் குதித்த ஒரு சிறுவனுக்கு, அதுவும் இன்னும் உயிரோடிருக்கும் ஒருவரின் இளமைக்கு, துறை வகுத்தோர் அளித்திருக்கின்றனர். அவ்வொரு சொல்லில் எத்துணைப் பெரிய திறனாய்வு அடங்கிக் கிடக்கிறது! முன்னரே சொல்லியிருந்தால் அது வெறும் குறிப்பு. பாடலில் நனைந்தபின் சொன்னால், பீப்பாயின் அடியிற் கிடைத்த சாவி.

மெய்ப்பாட்டியலையும் இவ்வாறே கற்பிக்க வேண்டும். தொல்காப்பியர் எட்டு என்று எண்ணி நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் எதன்கண் பிறக்கும் என்று நான்கு நான்காகக் காட்டினார். மருட்கை பெருமையிற் பிறக்கும் என்பது எவர்க்கும் தோன்றும். சிறுமையிலும் பிறக்கும் என்றாரே, அது கவிஞர் உள்ளம். அச்சத்தின் நிலைக்களங்களில் அணங்கையும் விலங்கையும் கள்வரையும் சொன்னவர், தம் இறையையும் சேர்த்தார். அழுகைக்கு உரியவற்றுள் வறுமையை வைத்தார். பாடநூல்களோ தொல்காப்பியரின் எட்டையும் பரதரின் எட்டுச் சுவையையும் இருபுறமும் எழுதிக் கோடு கிழித்து இணைத்துவிடுகின்றன. அக்கோடு பல இடங்களில் பொருந்தும், இளிவரலில் பொருந்தாது. பரதரின் பீபத்சம் அருவருப்பை அடியாகக் கொண்டது. இளிவரலின் நிலைக்களங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. கோலூன்றிய முதியவரைக் கண்டு எவர் அருவருப்பார்? தாழ்ந்துபோன தன் நிலையைத் தானே காணும் கூச்சம் அது. இந்த வேறுபாட்டை ஒரு வகுப்பு முழுவதும் வாதிட்டால், இரு மரபுகளையும் கற்றதாகும். கோடு கிழித்தால் இரண்டையும் இழந்ததாகும்.

ஒப்பிட்டுக் கற்பதற்கு முன்மாதிரி தமிழில் இல்லாமலில்லை. சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் மரபும் வடமொழி நாடக இலக்கணமும் கொண்டு ஆராய்ந்தார். அங்கு முதலிடம் நாடகக் காட்சிகளுக்கு. இலக்கணம் அவற்றுக்கு விளக்காக வருகிறது. அவர் பெயரால் மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் அமைந்திருப்பது பொருத்தமே. அங்கு இசையும் நடனமும் நாடகமும் அழகியல் என்னும் பெயரின்கீழ்க் கைப்பழக்கமாகக் கற்பிக்கப்படுகின்றன. தமிழகத்துக் கல்லூரிகளில் அச்சொல் பெரும்பாலும் கோட்பாட்டுத் தாளுக்குரியதாகிவிட்டது. கையும் கோட்பாடும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் நன்று.

தடை எங்கேயுள்ளது என்பதும் மறைபொருள் அன்று. மெய்ப்பாடுகள் எட்டினை விளக்குக என்னும் வினாவுக்குக் கைடு என வழங்கும் வினாவிடை நூலில் ஒன்றரைப் பக்க விடை உண்டு. அதனை ஒப்பித்தவர் தேறுவர். முன்பின் அறியாத ஒரு பாடலைத் தாளில் அச்சிட்டு, இதனைப் படித்து எழுதுக என்று கேட்டால் திருத்துவோர்க்குத் தொல்லை. விடைக்குறிப்பு வகுக்க முடியாது. ஆனால் ஒரு தாளில் ஒரு வினாவாவது அவ்வாறு அமைந்தால், ஆண்டு முழுவதும் வகுப்பு நடக்கும் முறையே மாறிவிடும். வினாத்தாள் எவ்வழியோ பாடமும் அவ்வழி என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர்.

இலக்கிய வட்டத்தார் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உறுப்பினரின் அச்சேறாத கவிதைகளிற் பத்தை, பெயர் நீக்கி, அருகிலுள்ள கல்லூரித் தமிழ்த்துறைக்கு அளிக்கலாம். மாணாக்கர் ஒரு வாரம் வைத்திருந்து, பெயர் குறிக்காமல் எழுதித் தரட்டும். எத்தனை முறை படித்தனர், எவ்விடத்தில் நின்றனர், எவ்விடத்தில் ஒன்றும் நிகழவில்லை என்பன அதில் இருக்கட்டும். அத்தாள்களை வட்டத்தின் மாதக் கூட்டத்தில் வாசிக்கலாம். அப்போது கவிஞர்களும், தம் கவிதை எது என்று காட்டிக்கொள்ளாமல், அவையோடு அவையாக அமர்ந்து கேட்கவேண்டியிருக்கும்.